ஏழு நிமிடம் யாருடைய முட்டைக்கு?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ராமென் என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் பற்றி எழுதும்போது, கிண்ணத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டி வைக்கிற பழுப்பு நிற முட்டையைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ராமென் பற்றி வந்த கடிதங்கள் மூன்று. முட்டை பற்றி வந்தவை ஒரு கட்டு! சரி, இந்த மாதம் முழுக்க முட்டைதான். முட்டை சாப்பிடாதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசியில் உங்களுக்கும் நாலு வரி இருக்கிறது.

கேள்வி: அக்கா, நீங்கள் எழுதிய அந்த முட்டையின் பேரை நான் சத்தமாக வாசித்ததும் என் மகன், "அம்மா, அஜித் முட்டையா?" என்று ஓடி வந்துவிட்டான். நிஜமாகவே பேரே அப்படித்தானா, இல்லை அச்சுப்பிழையா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அச்சுப்பிழை இல்லை. அஜித்ஸுகே தமாகோ என்பதுதான் முழுப்பெயர். அஜி என்றால் ருசி, த்ஸுகே என்றால் ஏற்றுவது, தமாகோ என்றால் முட்டை. ருசி ஏற்றிய முட்டை, அவ்வளவுதான். கடையில் யாரும் இவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள், அஜிதமா என்று சுருக்கிவிடுவார்கள். ராமென் கடையில் இதற்குத் தனிக் காசு, ஆனாலும் அதைக் கேட்காமல் எழுந்து போகிறவர்கள் குறைவு.

இதற்கு முன்னால் அங்கே இருந்தது நிதமாகோ, அதாவது சோயா சாறிலேயே போட்டுக் கொதிக்கவைத்த கெட்டி முட்டை. உள்ளே மஞ்சள் கரு தேன்பாகு மாதிரி இருக்கும்படி வேகவைத்து, உரித்து, அப்புறம் ஆறிய சாறில் ஊறப்போடுவது ராமென் கடைகளில் பரவியது 1990களுக்கு அப்புறம்தான். டோக்கியோவில் கசாய் என்ற இடத்தில் இருக்கும் சிபாகியா என்ற கடைதான் இந்த வழக்கத்தை ஆரம்பித்தது என்று ராமென் பைத்தியங்கள் பலர் சொல்வார்கள். நான் குடியிருந்தது அதற்கு அடுத்த ரயில் நிலையமான நிஷி கசாயில். நம் ஊர் ஐ.டி. குடும்பங்கள் நிறைய இருக்கும் பேட்டை அது, மாலையில் பூங்காவில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் தமிழ் கேட்கும். நான்கு வருஷம் அங்கே இருந்ததில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஜப்பானிய மொழி இல்லை, இந்த முட்டைதான்.

கேள்வி: நாங்கள் முட்டைக்குப் பேர்போன ஊர்க்காரர்கள். யூடியூபில் ஒரு ஜப்பான்காரர் காட்டியபடி கைக்கடிகாரத்தைப் பார்த்து சரியாக 7 நிமிடம் வேகவைத்தேன். வெட்டிப் பார்த்தால் மஞ்சள் கரு கட்டியாகிவிட்டது. மூன்று தடவை செய்தும் அதே கதைதான். எங்கள் ஊர் முட்டையில் ஏதாவது குறையா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: முட்டையில் ஒரு குறையும் இல்லை. அந்த 7 நிமிடம் ஜப்பான் முட்டைக்குப் போட்ட கணக்கு.

நானும் இதே குழியில் விழுந்தவள்தான். சென்னைக்குத் திரும்பி வந்த முதல் மாதம், அங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்த அதே முட்டையை இங்கே செய்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் பெருமையாக வெட்டினேன். உள்ளே சாதாரண அவித்த முட்டை. "இதுக்கா நேத்து ராத்திரியிலிருந்து ஊறவைச்சே?" என்று நாத்தனார் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் சமையலறைத் தராசை எடுத்து, அண்ணாச்சி கடையில் வாங்கிய ஆறு முட்டையையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். 51, 53, 50, 54, 52, கடைசி ஒன்று 49 கிராம். ஜப்பானில் முட்டையை எடை பார்த்துப் பிரித்துத்தான் பெட்டியில் அடைப்பார்கள். எம் என்று போட்டிருந்தால் 58 முதல் 64 கிராம், எல் என்றால் 64 முதல் 70 கிராம். அந்த வீடியோவில் இருப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. 66 கிராம் முட்டைக்குள் சூடு போய்ச்சேருகிற நேரத்தில் 51 கிராம் முட்டை வெந்து முடிந்திருக்கும்.

இரண்டாவது விஷயம் ஃபிரிட்ஜ். அங்கே வீட்டுக்கு வந்ததும் முட்டை ஃபிரிட்ஜுக்குள் போய்விடும், குறிப்பில் இருக்கிற நேரம் குளிர்ந்த முட்டைக்கானது. நாம் மேடையில் கூடையில் வைத்திருக்கிற முட்டை மே மாதத்தில் தொட்டாலே வெதுவெதுப்பாக இருக்கும், மார்கழியில் வேறு மாதிரி. அதனால் நான் செய்கிற முதல் வேலை, முட்டையை முந்தின நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. எந்த மாதமானாலும் புறப்படுகிற இடம் ஒன்றாக இருக்கட்டும்.

இனி என் கணக்கு. நாலு முட்டைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதற்குக் குறைந்தால் குளிர்ந்த முட்டையைப் போட்டதும் கொதி அடங்கிவிடும், நேரக் கணக்கு குழம்பும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முட்டையைக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்குங்கள். முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் ஒரே பக்கமாக மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக ஒதுங்கி, உரிக்கும்போது அந்தப் பக்கம் கிழியும். 50 கிராம் சுமாருள்ள ஃபிரிட்ஜ் முட்டைக்கு 6 நிமிடம். அலாரம் அடித்ததும் உடனே ஐஸ் தண்ணீர். "குழாய்த் தண்ணீர் போதாதா?" என்று கேட்காதீர்கள், நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கோடையில் வருவது வெந்நீர், அதில் போட்டால் முட்டை உள்ளுக்குள் வெந்துகொண்டேதான் இருக்கும். பத்து நிமிடமாவது ஐஸில் கிடக்கட்டும்.

முதல் தடவை மூன்று முட்டையைப் பலிகொடுத்துவிடுங்கள். ஓட்டில் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதி, ஐந்தரை, ஆறு, ஆறரை நிமிடத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, ஐஸில் ஆறவிட்டு வெட்டிப் பாருங்கள். உங்கள் அடுப்பு, உங்கள் பாத்திரம், உங்கள் முட்டைக்கான நேரம் அதில் தெரிந்துவிடும். அதை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டால் யூடியூப் பக்கமே போக வேண்டாம்.

இவ்வளவு கறாராக ஏன் பார்க்கிறோம் என்றால், வெள்ளைக் கரு 62 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பித்தாலும் நன்றாகக் கெட்டிப்பட 80 டிகிரி வேண்டும், மஞ்சள் கருவோ 65 டிகிரியில் குழைந்து 70 டிகிரியில் கட்டியாகிவிடும். வெளியே 80ஐத் தொட வேண்டும், உள்ளே 70ஐத் தொடக் கூடாது. அதற்காகத்தான் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம், உடனே ஐஸ். இதைத் தலைகீழாகச் செய்கிற முட்டையும் ஜப்பானில் உண்டு. வெந்நீர் ஊற்றுகளில் 70 டிகிரிக்குச் சற்றுக் குறைவான நீரில் அரைமணி நேரம் போட்டுவைப்பார்கள், மஞ்சள் கரு பிடித்துக்கொண்டிருக்கும், வெள்ளைக் கரு உறையாத தயிர் மாதிரி தளும்பும். ஒன்சென் தமாகோ என்று பேர். உரிக்கவே முடியாது, கிண்ணத்தில் உடைத்து ஊற்றித்தான் சாப்பிட வேண்டும், ஊறப்போட உதவாது.

கேள்வி: ஊட்டியில் இதே கணக்கு சரிவருமா?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: வராது. நீங்கள் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், உங்கள் வீட்டில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நான் சொன்ன 6 நிமிடத்தை 7, ஏழேகால் என்று வைத்து ஆரம்பியுங்கள். ஐஸ் செலவு மட்டும் உங்களுக்கு மிச்சம்.

கேள்வி: வீட்டில் வளர்க்கிற நாட்டுக்கோழி அன்றைக்குக் காலையில் இட்ட முட்டையை எடுத்து ஆசையாகச் செய்தேன். ஓடு உரிக்கும்போது வெள்ளைக் கருவும் சேர்ந்து பெயர்ந்து, அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. புது முட்டைக்கே இந்தக் கதியா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: புது முட்டையாக இருந்ததுதான் காரணம். அன்றைக்கு இட்ட முட்டையை ஆம்லெட் போடுங்கள், ஆஃப்பாயில் போடுங்கள், அவிக்க மட்டும் செய்யாதீர்கள். புது முட்டையின் வெள்ளைக் கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். நாள் ஆக ஆக அது ஓட்டில் இருக்கிற நுண்ணிய துளைகள் வழியாக வெளியேறும், வெள்ளைக் கருவின் காரத்தன்மை ஏறும், அப்போதுதான் உள்ளே இருக்கிற சவ்வு அதை விட்டுப் பிரியும். ஒரு வாரம் வைத்திருந்த முட்டை பூ மாதிரி உரிந்து வரும். கடை முட்டை நம் கைக்கு வரும்போதே சில நாள் ஆகியிருக்கும் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நாட்டுக்கோழியை விட அதற்கு மதிப்பு அதிகம்.

பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டாமல் கொதிக்கிற தண்ணீரில் இறக்குவதும் உரிப்பதற்கு நல்லது. அப்புறம், முட்டையின் பருத்த முனையில் ஒரு காற்றுப் பை இருக்கும், அங்கே ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு வேகவைப்பார்கள் ஜப்பானியர்கள். இதற்கென்றே நடுவில் ஊசி வைத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமான் அங்கே நூறு யென் கடையில் விற்கும். என்னுடையது வீடு மாற்றும்போது தொலைந்துபோயிற்று, இப்போது கழுவித் துடைத்த ஊக்குதான். துளை போட்டால் உடனே வேகவைத்துவிடுங்கள், துளையோடு எடுத்துவைக்காதீர்கள்.

உரிக்கிற விதம்: ஓடு முழுக்கக் கரண்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி விரிசல் விடச்செய்து, தண்ணீருக்குள் வைத்துப் பருத்த முனையிலிருந்து ஆரம்பியுங்கள். தண்ணீர் சவ்வுக்கு அடியில் புகுந்து வேலையைச் சுலபமாக்கும். உள்ளே மஞ்சள் கரு தளும்பிக்கொண்டிருப்பதால் முட்டை கையில் தொளதொளவென்று உட்காரும், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் பிடிக்க வேண்டும். எங்காவது மஞ்சள் கரு வரைக்கும் கிழிந்துவிட்டால் அதை ஊறப்போடாதீர்கள், சாறு முழுவதும் கலங்கிவிடும். மிளகுத்தூள் தூவி அங்கேயே நின்றபடி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சமைப்பவர்களுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

கேள்வி: மிரின், சாக்கே இரண்டிலும் மது இருக்கிறதாமே. எங்கள் வீட்டில் அது ஆகாது. அதோடு இங்கே கடையில் டார்க் சோயா சாஸ் என்று கறுப்பாக ஒன்றுதான் கிடைக்கிறது. இவை இல்லாமல் செய்ய வழி இருக்கிறதா அக்கா?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரில் எங்களுக்கெல்லாம் கிடைக்காத ஒரு சாமான் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வழக்கமான அளவு. ஆறு முட்டைக்கு சோயா சாஸ் 100 மில்லி, மிரின் 100 மில்லி, தண்ணீர் 200 மில்லி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. ஒரு கொதி விட்டு, முழுவதுமாக ஆறவைத்து, உரித்த முட்டையைப் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சாக்கே என்கிற அரிசி மதுவையும் சிலர் சேர்ப்பார்கள், நான் சேர்ப்பதில்லை.

மிரின் என்பது பசையரிசி, கோஜி என்கிற பூஞ்சணம் பிடிக்கவைத்த அரிசி, ஷோச்சு என்கிற சாராயம் மூன்றையும் சேர்த்து ஊறவைத்து எடுக்கிற இனிப்பு. அசல் மிரினில் 14 சதவிகிதம் வரைக்கும் மது உண்டு. கொதிக்கவைத்தால் மது முழுக்கப் போய்விடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், கொஞ்சமாவது தங்கும். அதனால் அதை விட்டுவிட்டு, தண்ணீரை 300 மில்லியாக்கி, சர்க்கரையை மூன்று மேசைக்கரண்டியாக்கிக்கொள்ளுங்கள். மிரின் தருகிற மினுமினுப்பு கொஞ்சம் குறையும், ருசியில் பெரிய குறை தெரியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இயற்கையாக நொதிக்கவைத்த சோயா சாஸிலும் நொதிக்கும்போது தானாகவே சிறிது மது உண்டாகும். ஹலால் முத்திரை போட்ட சோயா சாஸ் விற்கிறார்கள், அதைத் தேடி வாங்குங்கள்.

டார்க் சோயா சாஸ் வேண்டவே வேண்டாம். நம் கடைகளில் அந்தப் பேரில் விற்பதில் பெரும்பாலும் நிறத்துக்காகக் கேரமல் சேர்த்திருக்கும். முட்டை தார் பூசின மாதிரி ஆகுமே தவிர, ருசி ஏறாது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று நாலே பொருள் இருந்தால் நல்ல சாமான். கிக்கோமான் என்கிற ஜப்பானிய பிராண்டு இப்போது பெரிய கடைகளில் கிடைக்கிறது.

இப்போது உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் தண்ணீருக்குப் பதிலாக தாஷி என்கிற சாறு ஊற்றினால் முட்டையின் ருசியே வேறு. கொம்பு என்ற கடற்பாசியும் கத்ஸுவோபுஷியும் போட்டு எடுக்கிற சாறு அது. கத்ஸுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவுவது. என்ன, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் வீட்டு மாசியேதான்! மாலத்தீவு மாசியும் அதே சூரை இனத்து மீன்தான், வேகவைத்துப் புகைபோட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். ஜப்பானில் சில உயர்ந்த ரகங்களுக்கு அதற்கு மேல் பூஞ்சணம் ஏற்றிப் பல மாதம் பக்குவப்படுத்துவார்கள், அது ஒன்றுதான் பெரிய வித்தியாசம். 1908-இல் கிகுனே இகேதா என்ற டோக்கியோ வேதியியல் பேராசிரியர் கொம்புவின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்து அந்த ருசிக்கு உமாமி என்று பேர் வைத்தார், 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா கத்ஸுவோபுஷியில் இருக்கிற ருசி இனோசினேட்டால் வருவது என்று கண்டுபிடித்தார். மாசி சம்பலில் நாக்கு சுழற்றுகிற அந்த ருசிக்கு உங்கள் ஊரில் பேர் வைக்காமலே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

சுண்டுவிரல் அளவு மாசித் துண்டைக் கழுவி, இடித்து, 300 மில்லி கொதிநீரில் போட்டு அடுப்பை அணைத்து மூடி, ஐந்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அதுதான் உங்கள் தாஷி. மாசியில் உப்பு இருக்கும், சோயாவை 80 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து தோழி ஒருத்தி அனுப்பிய மாசியில் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புகைவாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, எனக்கு அது பிடித்துமிருந்தது.

கேள்வி: இரண்டு நாள் ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்து அப்படியே விட்டேன். உப்புக் கரித்தது. மஞ்சள் கரு அல்வா மாதிரி பிசுபிசுவென்று ஆகிவிட்டது. முட்டையின் ஒரு பக்கம் கறுப்பு, இன்னொரு பக்கம் வெள்ளை. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தண்ணீர் கலக்காமல் வெறும் சோயாவில் போட்டிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். சாதாரண சோயா சாஸில் 16 சதவிகிதம் சுமாருக்கு உப்பு. மேலே சொன்ன அளவில் கலந்தால் அது 4 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும், அவசரமில்லாமல் ஊறலாம்.

உள்ளே நடப்பது என்னவென்றால், உப்பும் சர்க்கரையும் முட்டைக்குள் போகப் போக முட்டையில் இருக்கிற தண்ணீர் வெளியே வருகிறது. ஊறுகாய் போடுகிற வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை, மாங்காயில் உப்புப் போட்டால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே சங்கதிதான். ஆறு மணி நேரத்தில் மேலே நிறம் மட்டும் ஏறியிருக்கும். 12 மணி நேரத்தில் வெள்ளைக் கருவுக்கு ருசி வந்துவிடும், 18 மணி நேரத்தில் மஞ்சள் கருவின் ஓரம் லேசாக இறுகி, நடுவில் இன்னும் ஓடும். எனக்கு அதுதான் உச்சம். அதாவது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஊறப்போட்டால் மறுநாள் சாயங்காலம். 24 மணி நேரம் வரைக்கும் பரவாயில்லை, அதற்கு மேல் மஞ்சள் கரு முழுக்க இறுகிப் பசை மாதிரி ஆகும். அதைத்தான் பிடிக்கும் என்கிறவர்களும் ஜப்பானில் உண்டு, நீங்களும் அந்தக் கட்சியோ என்னவோ. நேரம் ஆனதும் சாறிலிருந்து எடுத்துத் தனி டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் உப்பு மேலும் ஏறாது, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது முட்டை மிதந்ததால். மேலே ஒரு சமையலறைக் காகிதத்தை விரித்து அமிழ்த்திவிட்டால் அது சாறை உறிஞ்சி முட்டையின் தலைக்கும் பூசிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் முட்டையையும் சாறையும் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடுங்கள், பாதிச் சாறே போதும். பையை ஒரு கிண்ணத்துக்குள் வைக்க மறக்காதீர்கள். பை ஒழுகினால் ஃபிரிட்ஜின் காய்கறி அறையில் சோயா தேங்கி நிற்கும், அந்த வாசனை போக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கேள்வி: மருமகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். போன இதழைப் படித்ததிலிருந்து அந்த முட்டை வேண்டும் என்கிறாள். மஞ்சள் கரு வேகாமல் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஆசையைத் தட்டவும் வேண்டாம், அதற்கு வழி சொல்கிறேன்.

ஜப்பானில் பச்சை முட்டையைச் சுடுசோற்றில் உடைத்து ஊற்றிச் சாப்பிடுவது தினசரி வழக்கம். அதற்கு ஏற்ற மாதிரி பண்ணையிலிருந்து கடை வரைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், முட்டையைக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெட்டியில் அடைப்பார்கள். பெட்டியில் போட்டிருக்கிற தேதிகூடப் பச்சையாகச் சாப்பிட எதுவரை நல்லது என்பதற்கான தேதிதான், அதற்கு அப்புறம் வேகவைத்துச் சாப்பிடலாம். நம் ஊரில் முட்டை வெயிலில் லாரியில் வந்து, கடை வாசலில் அட்டையில் அடுக்கியிருக்கும். சால்மோனெல்லா என்கிற கிருமி ஓட்டில் மட்டுமில்லை, சில சமயம் முட்டைக்குள்ளேயும் இருக்கும். மஞ்சள் கரு கெட்டியாகும் வரைக்கும் வேகவைத்தால்தான் நிச்சயம். சோயாவில் ஊறினால் கிருமி செத்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த உப்புக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் எல்லோருக்கும் 10 நிமிடம் வேகவைத்த முட்டை. அதே சாறில் அதே மாதிரி ஊறப்போடுங்கள். என் மாமியாருக்கு எப்போதும் அப்படித்தான் செய்வேன். "உங்களுக்கெல்லாம் என்ன பச்சை முட்டை" என்று எங்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே இரண்டு சாப்பிடுவார். மற்றவர்களும் விரிசல் விட்ட முட்டையை இதற்கு எடுக்காதீர்கள், ஊறுவது வெளியே வேண்டாம், ஃபிரிட்ஜிலேயே நடக்கட்டும்.

கேள்வி: ஹாஸ்டலில் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று ஒளித்து வைத்திருக்கிறோம். மிரினும் கிடையாது, மாசியும் கிடையாது. இருப்பது ஃப்ரைட் ரைஸ் பார்சலோடு வந்த சோயா சாஸ் பாக்கெட்டுகள்தான். ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு மாணவி, சென்னை

பதில்: கொரியாக்காரர்கள் உங்களுக்காகவே ஒன்று வைத்திருக்கிறார்கள். மயாக் கேரான் என்று பேர், மயாக் என்றால் போதைமருந்து, ஒருமுறை சாப்பிட்டால் விட முடியாதாம். சோயாவும் தண்ணீரும் சம அளவு, ருசி பார்த்துச் சர்க்கரை, பொடியாக நறுக்கிய பூண்டு, பச்சைமிளகாய், வெங்காயத்தாள், ஒரு பிடி வறுத்த எள். சாறுக்கு அடுப்பே வேண்டாம், அப்படியே கலக்கி, வேகவைத்து உரித்த முட்டையைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அரை நாளில் தயார். ஜப்பான் முட்டையை விட காரசாரமாக இருக்கும், நம் நாக்குக்கு இதுதான் சட்டென்று பிடிக்கும். சுடுசோற்றில் முட்டையை வைத்து, அந்தச் சாறை ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். பாக்கெட் சோயாவில் உப்பு எக்கச்சக்கமாக இருக்கும், முதலில் தண்ணீரைக் கூட்டியே வையுங்கள். வார்டனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டால் அடுப்புக்குப் பாதுகாப்பு.

கேள்வி: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை மைக்ரோவேவில் சூடு பண்ணலாமா? அப்புறம், மிஞ்சின சாறை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். என் வீட்டுக்காரர் ஒருநாள் காலை அவசரத்தில் முழு முட்டையை 40 விநாடி வைத்தார். உள்ளே வைத்திருந்தவரைக்கும் சாதுவாக இருந்தது, வெளியே எடுத்து முள்கரண்டியால் குத்தினார் பாருங்கள், பட்டென்று வெடித்து அவர் சட்டை, மூக்குக்கண்ணாடி, சுவர்க் காலண்டர் எல்லாம் மஞ்சள். முகத்தில் சூடு படாமல் தப்பித்தது புண்ணியம். முட்டையை அப்படியே சுடச்சுட இருக்கும் நூடுல்ஸிலோ சோற்றிலோ வைத்தால் போதும், இல்லை கை பொறுக்கிற வெந்நீரில் ஐந்து நிமிடம். வெட்டுவதற்குக் கத்தியை விட தையல் நூல் நல்லது, முட்டையைச் சுற்றி ஒரு சுற்று விட்டு இரண்டு பக்கமும் இழுத்தால் மஞ்சள் கரு இழுபடாமல் இரண்டாகும்.

சாறில் முட்டையின் தண்ணீர் இறங்கியிருக்கும், இன்னொரு ஈடு முட்டைக்கு நான் பயன்படுத்துவதில்லை. நன்றாகக் கொதிக்கவைத்து அன்றைக்கே சமையலில் தீர்த்துவிடுவேன். எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயில் ஊற்றிச் சுண்டவிட்டால் அவ்வளவு நன்றாக இருக்கும்.

கேள்வி: முட்டை சாப்பிடாத எங்களுக்கு?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொன்னேனே, மறக்கவில்லை. கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றி மேலே கனம் வைத்து அரைமணி நேரம் தண்ணீரை வடியவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு நாலு பக்கமும் சிவக்கவைத்து, அதே சாறில் போடுங்கள். சாறுக்கு மாசி வேண்டாம், காய்ந்த காளான் இரண்டு ஊறவைத்த தண்ணீர் போதும், ஜப்பானில் கோயில் சமையலில் அப்படித்தான் செய்கிறார்கள். பனீரில் முயற்சி செய்து பார்த்துவிட்டேன், மேலே நிறம் பிடித்ததே தவிர உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. இவற்றை விட நன்றாக வந்தது கோலி அளவு குட்டி உருளைக்கிழங்குதான், வெந்ததும் தோலை உரித்துச் சூட்டோடு சாறில் போட வேண்டும், ராத்திரிக்குள் ஊறிவிடும். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன்.